நகல் ஒன்றுக்குப் பத்துக் காசு

சிலிம் ரிவர் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரில்
என் போட்டோஸ்டேட் கடை.
காலையில் ஐ.சி. நகல், சேமநிதி பாரம்,
தோட்டம் கைமாறியபோது
வீட்டைக் காலிசெய்யச் சொன்ன கடிதம்,
அதை மட்டும் ஒரே வாரத்தில் எழுபது பேருக்கு.
பள்ளி விட்டதும் குணவதி டீச்சர் வருவார்,
கைப்பையில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடப் பழைய
கணுக்கால்களோடு.

கிரேக்கக் கிண்ணங்கள்.
முதல்நாள் எனக்கு எரிச்சல்.
தாள் முழுக்கக் கறுப்பு, நடுவில் வெறுமையாய் ஓர் ஆள்.
நாலு பக்கத்தில் டோனர் மூச்சு வாங்கும்.
"அவனை யாரும் வரையலை" என்றார்.
"சுத்தி இருக்கறதைக் கறுப்பாக்கினாங்க.
பூசாம விட்ட மண்ணுதான் அவன்."
நான் பதினைந்து காசு கேட்டேன்.
கொடுத்தார்.

அவர் உத்தியோகம் முழுவதையும்
கண்ணாடிமேல் குப்புறப் படுக்கவைத்தவள் நான்.
மூன்றாம் படிவச் சரித்திரக் கேள்வித்தாள்களுக்கு நடுவே
விண்ணப்பங்கள்,
வருந்துகிறோம், வருந்துகிறோம்,
ஒரே ஒரு மகிழ்ச்சியடைகிறோம்.
அதற்கு நாற்பத்தொரு வயதில்
சம்பளமில்லா விடுப்பெடுத்து
ஈப்போவில் வாங்கிய ஸ்வெட்டரோடு லண்டன் போனார்.

திரும்பி வந்து குளிரைப் பற்றிப் பேசவில்லை.
கையுறை தரவில்லையாம்.
வழுக்கும், வெறுங்கையால் பிடி என்றார்களாம்.
கிண்ணத்தைக் கவிழ்த்தபோது
பாதத்தருகே கறுப்பு ஏறாத விரல் தடங்கள்.
களிக்குழம்பில் முக்கியெடுத்தவன் பிடித்த இடம்.
படம் எழுதினவனைத் தேடித்தான்
ஊர் உலகமெல்லாம் போயிருக்கிறது.
இவர் பிடித்தவனைத் தேடினார்.

பன்னிரண்டு வருடம்.
எங்கெங்கோ உள்ள அருங்காட்சியகங்களிலிருந்து
அடிப்பாகம் மட்டும் படமாய்த் தபாலில் வரும்.
நூற்றைம்பது சதவீதம் பெரிதாக்கச் சொல்வார்.
கடைசியில் முப்பத்தொன்பது கிண்ணம் ஒருவன் கையில் வந்து நின்றது.
இடதுகைக்காரன்.
சுட்டுவிரல் குட்டை.

கட்டுரை திரும்பி வந்தது.
நம் பெயரை அவர்கள் வாலிலிருந்து பிடிப்பார்கள்;
த/பெ என்றால் என்னவென்று அவர்களுக்கு யார் சொல்வது.
எல்லாக் கடிதமும் அன்புள்ள திரு சடையன்.
இதில் ஒரு வரிக்கடியில் டீச்சரின் பென்சில்:
பாத்திரத்தைப் பிடித்த தடத்தை வைத்து
ஆளின் கையைச் சொல்லிவிடலாம் என்று
திரு சடையனுக்கு எப்படித் தெரியும்?

என் இங்கிலீஷ் ஐந்தாம் படிவத்தோடு சரி.
அந்த வரி புரிந்தது.
மிஷின் சூடேறும்வரை இருவரும் பேசவில்லை.

சடையனை எனக்குத் தெரியும்.
நானும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான்.
பால்மரம் சீவினவர், ஆறாம் நம்பர் நிரை.
மங்கை இடதுகையால் கவிழ்த்து வழிப்பார்.
சுட்டுவிரல் நுனியை ரப்பர் ஆலை உருளை
எப்போதோ தின்றிருந்தது.
மங்கின் வெளிப்புறம் காய்ந்த பாலில்
மூன்று விரலும் ஒரு குறையும் பார்த்து
இது யார் நிரை என்று கங்காணி சொல்லிவிடுவான்.

டீச்சர் இதை எழுதவில்லை.
அடிக்குறிப்பில்கூட.
அளவுகளை மில்லிமீட்டரில் அட்டவணை போட்டு
மறுபடி அனுப்பினார், மறுபடியும்.

போன வெள்ளிக்கிழமை தடியான ஒரு புத்தகம்.
அவருடையதல்ல, யாரோ ஜெர்மன்காரர் எழுதியது.
கடைசியில் பெயரடைவு, அந்த ஒரு பக்கம் போதும் என்றார்.
சடையன், ஜி. 88, 90 முதல் 93, 140 அடிக்குறிப்பு.
சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்த மனிதர்.

இரண்டு நகல் வந்துவிட்டது, தவறுதலாய், என்றேன்.
ஒன்றுக்குக் காசு வைத்தார்.
மற்றதை என் பக்கம் தள்ளினார்.
தாள் சூடாயிருந்தது.
வெளியே செம்பனைக் குலை லாரி போய்
கண்ணாடிக் கதவு அதிர்ந்து நின்றது.
வரிசையில் அடுத்தவர் ஐ.சி.யை நீட்டி
"ரெண்டு பக்கமும்" என்றார்.